கொல்லிமலையும் குடகடலும்

கொல்லிமலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், "மூலிகை தேடவா, அருவியில் குளிக்கவா?" என்று கேட்டார். "இரண்டுமில்லை, கப்பல் பார்க்க" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பரிவோடு பார்த்தார். நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வயதுக்குமேல் இப்படியெல்லாம் நேர்வது உண்டு என்று எண்ணியிருப்பார் போலும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கொல்லிமலையிலிருந்து கீழ்க்கடல் ஏறக்குறைய 100 மைல். மேல்கடலோ 150 மைலுக்கும் அதிகம். அங்கே போய்க் கப்பலைத் தேடுகிறவனை வேறு எப்படிப் பார்ப்பது?

ஆனால் நேயர்களே, நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சங்க காலத்துச் சேரர்களின் கடலாதிக்கத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதிலிருந்து, முசிறித் துறைமுகத்தைத் தேடிப் போன என் மனம் எப்படியோ சுற்றி வளைத்துக் கொல்லிமலையின் அடிவாரத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஆகையால் உடம்பும் ஒரு தடவை அங்கே போய் வரட்டுமே என்று கிளம்பினேன்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளை ரசித்தேன். அடுத்த இருபதைப் பொறுத்துக்கொண்டேன். அதன்பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் செம்மேட்டில் போய் நின்றபோது, குதிரைமேல் வீற்றிருக்கும் வல்வில் ஓரியின் சிலை எங்களை வரவேற்றது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அங்கே ஓரிக்கு அரசாங்கம் விழா எடுக்கிறது.

ஓரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். அவன் எப்படி மாண்டான் என்பதை அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். முள்ளூர் மன்னனான மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. வென்றவன் காரி, உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவன் காரி. மலை மட்டும் ஏன் சேரனுக்குப் போயிற்று?

காரியின் குணத்தைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் இதற்கு விடை கிடைக்கிறது. மூவேந்தர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் காரிக்கு ஆளனுப்பி, "எமக்குத் துணையாக வா" என்று வேண்டிப் பொருள் கொடுப்பார்களாம். வந்த பொருளையெல்லாம் அவன் பரிசிலர்க்கு வாரி வழங்கிவிடுவானாம். கபிலர் புகழ்வது அவனுடைய கொடையை. அந்தப் புகழின் நடுவே போர்க்கள நடைமுறை ஒன்றும் தெரிந்துவிடுகிறது. காரியின் வேல் பொருளுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது. அந்தப் பொருள் சேரனுக்கு எங்கிருந்து வந்தது?

அதற்கும் விடை காரியைப் பாடிய இன்னொரு பாட்டிலேயே இருக்கிறது. மாறோக்கத்து நப்பசலையார் என்ற பெண்பாற் புலவர் காரியின் அவைக்கு வருகிறார். அவருக்கு முன்பே கபிலர் அவனைப் பாடிவிட்டுப் போயிருக்கிறார். "கபிலர் பாடிய பிறகு நாங்கள் எதைப் பாடுவது?" என்று திகைக்கும் அந்த அம்மையார் ஓர் உவமை சொல்கிறார். பொன் கொண்டுவரும் தன் கப்பல்களைச் சேரன் மேற்குக் கடலிலே செலுத்திய வழியில், வேறு கலங்கள் போக முடியாதல்லவா, எங்கள் நிலையும் அதுதான் என்கிறார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கவிதைக்காக மட்டுமல்ல. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான் 1890-ல் கடலாதிக்கத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். உலகத்துக் கடற்படைகள் எல்லாம் அதைப் பாடம் படித்தன. தன் கப்பல் போக வேண்டும், பிறர் கப்பல் தன் அனுமதியின்றிப் போகக் கூடாது என்பதே அவர் சொன்ன ஆதிக்கத்தின் சாரம். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்னால் நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் அதைப் போகிறபோக்கில் ஓர் உவமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! சபையிலிருந்தவர்களுக்கு அது தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். தெரியாததை யாரும் உவமையாகச் சொல்லமாட்டார்கள்.

அந்த வழியில் வந்த பொன் ரோமாபுரிப் பொன். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடியிருக்கிறார். கி.பி. 79-ல் மறைந்த ரோமானிய அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா விழுங்குகிறது என்று எழுதினார். அவரே இன்னொன்றும் சொல்கிறார். முசிறி இறங்குவதற்கு உகந்த துறை அல்ல, அருகே கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், அதனால் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்கிறார். கொல்லிமலைக்குப் பதில் கடலோரத்தில் பிறந்திருந்தால், நம் ஓரிக்கு யவனக் கப்பலில் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும்!

அந்தக் கொள்ளையர்கள் யார்? சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலில் படை செலுத்தி, பகைவர்களுடைய கடம்ப மரத்தை வெட்டி, அந்த மரத்தில் முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடியிருக்கிறார். பிளினி சொன்ன கொள்ளையரும் இந்தக் கடம்பு உடையவர்களும் ஒருவரே என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு. அப்படியானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல்மரம் வைத்திருப்பது அரசர்களின் வழக்கம். திருடன் காவல்மரம் நட்டு வளர்ப்பதில்லை. அவர்களுக்கும் ஒரு நாடு, ஒரு தலைவன், ஒரு கௌரவம் எல்லாம் இருந்திருக்கின்றன. வியாபாரியின் கணக்கில் அவர்கள் கொள்ளையர். சேரனின் புலவருக்குப் பகைவர். அவர்களுடைய சொந்தப் புலவன் என்ன சொன்னான் என்பது நமக்கு வந்து சேரவில்லை.

நெடுஞ்சேரலாதன் கடலைத் திறந்துவைத்தான். அவன் மகன் செங்குட்டுவனுக்குக் 'கடல் பிறக்கோட்டிய' என்ற பட்டமே கிடைத்தது. சேரர்களில் இரும்பொறை என்ற மற்றொரு கிளையினர் உள்நாட்டில் கருவூர்ப் பக்கம் ஆண்டார்கள். கருவூருக்கு அருகே புகழூர்க் குன்றில் அவர்களுடைய தமிழிக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல்; மணிக்கற்கள் பட்டை தீட்டிய ஊர். அதையும் தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய், அப்புறம் கடல். கொங்கு நாட்டு மண்ணில் ரோமானிய நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருப்பது இந்தப் பெருவழியின் செழிப்பைக் காட்டுகிறது.

இந்த வழியின் கிழக்குக் கோடியில், காவிரிக்கு அப்பால், கொல்லிமலை நிற்கிறது. வடக்கே அதியமானின் தகடூர். வடகிழக்கே காரியின் கோவலூர். தென்கிழக்கே சோழரின் உறையூர். மூன்று பக்கத்திலிருந்தும் வருகிறவர்களை மேலேயிருந்து பார்க்கலாம். அது பிறர் கையில் இருக்கும்வரை கருவூரில் இருப்பவனுக்கு நிம்மதியான தூக்கம் ஏது?

ஆகவே, என் ஊகம் இதுதான்: மேற்குக் கடலில் வந்த பொன் காரியின் வேலை வாங்கியது, காரியின் வேல் ஓரியின் மலையை வாங்கியது. பிற்காலத்தில் இங்கிலாந்து நெப்போலியனோடு போரிட்டபோது, தன் கப்பல்களால் கடலை அடைத்துக்கொண்டு, நிலத்திலே போரிட ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பணம் கொடுத்தது. கடலை ஆண்டவர்கள் எங்கும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பின்னால் நடந்ததையும் பாருங்கள். காரியின் கோவலூரை அதியமான் அழித்தான். அந்த அதியமானையும் அவனுக்குத் துணையாக வந்த இருபெரு வேந்தரையும் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். எங்கே? கொல்லிக் கூற்றத்தில் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. ஓரி போனான், காரி தாழ்ந்தான், அதியமான் வீழ்ந்தான். மிஞ்சியவன் சேரன். கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த பழங்காசுகளில் 'கொல்லிப்பொறை' என்ற எழுத்துக்களைப் படித்திருக்கிறார்கள். கடல் தந்த செல்வம் மலையின் பெயரைக் காசில் பொறித்துவிட்டது!

இந்தக் கணக்கையெல்லாம் மனத்தில் போட்டுக்கொண்டு மாலையில் ஒரு தோட்டத்தோரம் நடந்தேன். மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடிகள். தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, விலையெல்லாம் எப்படி?" என்று பேச்சைத் தொடங்கினேன்.

"எங்க கையில என்னங்க இருக்குது? போன தடவை காப்பிக்கொட்டை எடுக்க வந்தவர், செங்கடல்ல சண்டை, கப்பல் எல்லாம் சுத்திக்கிட்டுப் போகுதுன்னு சொல்லி விலையைப் பிடிச்சுட்டாருங்க."

நான் திடுக்கிட்டேன். 2023-ம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள்மீது தாக்குதல் ஆரம்பித்த பிறகு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போயின. ஏடன் வளைகுடாவில் கொள்ளையருக்கு எதிராக 2008 முதல் நம் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் காவல் இருந்து வருகின்றன. பிளினியின் மாலுமிகள் முசிறிக்கு வந்த அதே வழி. பத்திரிகையில் நான் படித்த செய்தி இந்தக் கட்டில்வரை ஏறி வந்திருக்கிறது, 70 வளைவுகளையும் கடந்து.

"நீங்கள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அது எந்தப் பக்கம் இருக்குதுங்க?"

மேற்கே கையைக் காட்டினேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த திசையைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் மிளகு ஆயத் தொடங்கினார்.

ஓரியும் கடலைப் பார்த்திருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. தன்னைக் கொல்ல வந்தவனின் வேலுக்குக் கூலி எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அவன் கேட்டிருக்கவும் மாட்டான். கடற்காவல் என்றால் நமக்குக் கப்பலும் பீரங்கியும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காவலால் யாருக்கு வழி திறக்கிறது, யாருக்கு அடைபடுகிறது, அதன் விலையை எந்த மலையில் யார் கொடுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வருவதில்லை. கடம்பு வெட்டப்பட்டவர்களும் கொடுத்தார்கள், ஓரியும் கொடுத்தான்.

பெரியவரிடம் கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஊருக்கு வந்ததும் நண்பர், "கப்பல் பார்த்தீர்களா?" என்று கேட்டார். மிளகுப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.