தந்தியின் கீழ் ஒரு வெற்றிடம்

1778-ஆம் ஆண்டில் ஆஸ்திரியக் கப்பல் ஒன்றின் மருத்துவராக நிக்கோபார்த் தீவுகளுக்கு வந்தவர் நிக்கோலாஸ் ஃபொண்டானா. தாம் கண்டவற்றை அவர் பின்னர்க் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ தொகுதியில் எழுதினார். அதில் ஒரு வாத்தியத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. இரண்டரை அடி நீளமுள்ள மூங்கிற் குழாய். அதன் மேற்புறத்தில் முனைக்கு முனை இழுத்துக் கட்டிய, பிரம்பு நாராலான ஒற்றைத் தந்தி. தந்தி மூங்கிலில் உரசாதிருக்க அதன் கீழே சிறிது குடைந்த பள்ளம். தீவினர் இதனைக் கித்தாரைப் போலவே மீட்டினர் என்றும், எழும் சுரங்கள் சிலவே ஆயினும் அவற்றை இனிமையாகப் பேச வைத்து, உடன் வாய்ப்பாட்டும் பாடினர் என்றும் ஃபொண்டானா கூறுகிறார். மூங்கிலின் நீளத்தையும் பருமனையும் அளந்து குறித்தவர், மீட்டியவரின் பெயரைக் குறித்தாரில்லை.

இத்தீவுகளில் வாழும் தமிழராகிய நாம், கித்தார் என்றதும் சினிமாவையும் ஆங்கிலப் பாட்டையுமே நினைக்கிறோம். நமக்கு முன்பே இக்கரையில் வாழ்ந்தவர்கள் அவ்வாத்தியத்தின் அடிப்படை உண்மையை அறிந்திருந்தனர். தந்தி தனியே இருந்தால் ஊமை. அதன் கீழே ஒரு வெற்றிடம் இருந்தால்தான் அது வாய் திறக்கும். வீணைக்குக் குடம், கித்தாருக்கு மரப்பெட்டி, நிக்கோபார் வாத்தியத்துக்கு மூங்கிலின் உட்கூடு. உலகெங்கும் இசைத்தட்டுகளில் பதிந்துள்ள மிக அழகிய கித்தார் ஒலிகளின் வரலாறு, இந்த வெற்றிடத்தை எங்கே வைப்பது என்று கலைஞர்கள் தேடிய வரலாறே எனலாம்.

மரப்பெட்டியின் ஓசை மென்மையானது. தாரைகளும் முரசுகளும் முழங்கும் குழுவில் அது அமிழ்ந்துவிடும். 1936-இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் மின்சாரக் கித்தார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றி, அதனை எஃகுத் தந்தியின் கீழ் வைத்தனர். தந்தி அதிரும்போது கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றனர். சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939 முதல் பென்னி குட்மன் குழுவில் இக்கருவியை வாசித்து, கித்தாரைத் தாளத்துக்குத் துணைபோகும் நிலையிலிருந்து தனித்துப் பாடும் நிலைக்கு உயர்த்தினார். 1942-இல் அவர் இறந்தபோது வயது 25. பின்னர் 1950-இல் லியோ ஃபெண்டர் குடைவே இல்லாத கட்டை மரத்தில் கித்தார் செய்து விற்றார். வயிறு இல்லாத வாத்தியம்! அதன் வயிறு அப்பால் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அதன்பின் ராக் இசைக் கலைஞர்கள் அந்தப் பெட்டியையே மீட்டத் தொடங்கினர் என்றால் மிகையன்று. 1960-இல் இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு ‘அப்பாச்சி’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதில் ஹாங்க் மார்வின் எதிரொலிக் கருவி ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு சுரமும் மலைச்சரிவில் மோதித் திரும்புவதுபோல ஒலிக்கச் செய்தார். 1964-இல் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டார். கிழிந்த காகிதம் கரகரத்தது. அந்தக் கரகரப்பே உலகப் புகழ் பெற்றது. நம் வீட்டு வானொலிப் பெட்டி அவ்வாறு கரகரத்தால் பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்வோம் அல்லவா! 1968-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் சாதாரண மரக் கித்தாரைச் சிறிய காசெட் பதிவுக் கருவியின் அருகில் ஓங்கி மீட்டி, கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஓசையைத் திணித்தார். மரக் கித்தாரின் குரலில் மின்சாரக் கித்தாரின் முரட்டுத்தனம் புகுந்தது.

நம் மனத்துக்கு மிக நெருங்கியது இவற்றினும் வேறொன்று. பிங்க் ஃபிலாய்ட் குழு 1975-இல் வெளியிட்ட ‘விஷ் யு வேர் ஹியர்’ என்ற பாடலின் தொடக்கத்தில், வானொலியில் நிலையங்களைத் தேடி முள்ளைத் திருப்பும் இரைச்சல் கேட்கும். பின், தொலைவிலிருந்து வரும் வானொலி இசைபோல மெலிந்து சன்னமான ஒரு கித்தார். சற்றுப் பொறுத்து, அதனோடு சேர்ந்து மீட்டும் மற்றொரு கித்தார், பக்கத்து நாற்காலியிலிருந்து எழுவதுபோலத் தெளிவாக ஒலிக்கும். டேவிட் கில்மர் வாசித்தது. வானொலியைக் கேட்டுக்கொண்டே வீட்டில் ஒருவன் கூட வாசிக்கிறான் என்பதே கற்பனை. தூரத்து ஓசையைத் துணையாகக் கொண்டு வாழ்ந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து மூன்று நாட் கப்பற்பயணத் தொலைவில் இருந்த நாமும் தாய்மொழிப் பாட்டை அவ்வாறுதானே தேடிப் பிடித்தோம்! 1963-இல் போர்ட் பிளேர் வானொலி நிலையம் வந்த பின்னரே அந்த ஓசை நமக்கு அண்மையில் வந்தது.

இங்கே நம் அண்டை வீட்டாராகிய வங்காளிகளுக்கும் ஒரு கித்தார் மரபு உண்டு. மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கித்தார், கல்கத்தாவில் வீட்டு வாத்தியம் போலவே பரவியது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மைந்தர் காஜி அனிருத்தரும், சுனில் கங்குலியும் அதில் பாட்டு மெட்டுகளை வாசித்துத் தட்டுகள் வெளியிட்டனர். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வதால் நம் கமகத்துக்கு அது இடங்கொடுத்தது. அந்த இசைத்தட்டுகளில் ஒரு சிறப்பு: வாசித்தவரின் பெயரே தலைப்பில் இருக்கும்.

சென்னைத் திரையிசையில் அந்தப் பேறு இல்லை. இசைக்குழு முழுவதும் ஒரே கூடத்தில் அமர்ந்து, பாடகரும் உடனிருக்க, ஒரே மூச்சில் பாடலைப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிழைத்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒலிப்பதிவுக் காட்சி ஒன்றுண்டு; எம். எஸ். விஸ்வநாதன் கையசைத்து நடத்த, குழுவினர் வாசிப்பதைத் திரையிலேயே காணலாம். முகங்கள் தெரிகின்றன, பெயர்கள் தெரிவதில்லை. விஸ்வநாதனின் பாடல்களில் கித்தார் வாசித்த பிலிப் என்பவரை இசையுலகம் அறியும். பாட்டைத் தலைகீழாய்ப் பாடும் நேயர்களில் எத்தனை பேர் அறிவர்?

இளையராஜாவின் வருகையால் நிலைமை பாதி மாறிற்று. அவரே கித்தார்க் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் தேறியவர். சலீல் சௌதுரியின் குழுவில் கித்தார் வாசித்தவர். 1980-இல் வந்த ‘மூடுபனி’யில் யேசுதாஸ் பாடிய நிலாப் பாட்டுக் கித்தாரை முன்னிறுத்தியே எழுகிறது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ வந்தது. பாடகர் வாய் திறக்கும் முன்னரே தந்திகள் ஒவ்வொன்றாய்ச் சொட்டத் தொடங்குகின்றன. விரைவு உண்டு, பரபரப்பு இல்லை. எதிரொலியும் கரகரப்பும் வேண்டாத ஒலி. மரத்தையும் விரலையும் தவிர வேறொன்றும் அதில் இல்லையென்றே தோன்றும். மேலே கூறிய அயல்நாட்டு ஒலிகள் எதற்கும் இது அழகில் குறைந்ததன்று என்பது நம் துணிபு. வாசித்தவர் ஆர். சந்திரசேகர்.

மரம் என்றதும் ஓர் இடைச்செருகல். நம் தீவின் படாக் மரத்துக்கு உறவான ஈட்டி மரம், நீலகிரியிலும் வயநாட்டிலும் வளர்வது. பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969 முதல் இந்திய ஈட்டியில் கித்தார்களின் முதுகும் விலாவும் செய்யத் தொடங்கியது. அயல்நாட்டு இசை என்று நாம் ஒதுக்கும் ஓசைகள் சிலவற்றில் நம் மலைக்காட்டின் மரமும் அதிர்கிறது.

‘இளைய நிலா’வின் மெட்டு மறு ஆண்டே இந்திக்குப் போயிற்று. 1983-இல் ‘கலாகார்’ படத்தில் கிஷோர் குமார் பாடினார். இசையமைப்பாளர்களாகக் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி பெயர் வந்தது. பல மொழியினர் கலந்து வாழும் நம் ஊரில் அம்மெட்டு ஒலித்தால், இந்தி பேசும் நண்பர் அதைத் தம் பாட்டென்றே கொண்டாடுவார். அவரிடம் வழக்காட வேண்டுவதில்லை. தமிழ்ப் பதிவைப் போட்டு, முதலில் எழும் கித்தாரை மட்டும் கேட்கச் செய்து, சந்திரசேகர் என்ற பெயரைச் சொன்னால் போதும்.