கோட்டைக்கு எதிரே ஒரு வெளி

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையினுள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதை யாவரும் அறிவர். அதன் ஒரு பகுதி இன்றும் இராணுவத்தின் வசம் இருப்பதைப் பலர் அறியார். அண்மையில் அங்குச் சென்றேன். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த 'கிங்ஸ் பாரக்ஸ்' என்னும் நெடிய படைவீடு இன்னும் நிற்கிறது. அதனைக் கடந்து வடபுறம் வந்தால், அகழிக்கு அப்பால் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் தோன்றும். என் மனம் அங்கேதான் நின்றது.

அவ்விடத்தில் ஒருகாலத்தில் ஓர் ஊர் இருந்தது. 1640இல் கோட்டை தோன்றியபோது, ஆங்கிலேயருக்குத் துணி நெய்து தரவும் வாணிகம் புரியவும் வந்தோர் அதன் வடக்கு மதிலை அடுத்துக் குடியேறினர். கோட்டை காக்கும் என்று நம்பியே வந்தனர். வெள்ளையர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். பெயரிலேயே அவர்தம் உள்ளம் தெரிகிறதன்றோ?

1746இல் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை சில நாட்களிலேயே கோட்டையைக் கைப்பற்றியது. 1749இல் உடன்படிக்கைப்படி அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. மதிலை ஒட்டி வீடுகள் இருப்பின் பகைவன் அவற்றின் மறைவிலிருந்து தாக்குவான். கோட்டைப் பீரங்கிக்கோ எதிரே திறந்த வெளி வேண்டும். இக்கணக்கின்படி, பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியில் இடிக்கத் தொடங்கியதை ஆங்கிலேயர் தொடர்ந்தனர். ஊரின் நடுவே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிபட்டது. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியால் இன்றைய பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுந்தது.

போர்க்கணக்கு பிழையன்று. 1758 டிசம்பரில் லாலி முற்றுகையிட்டபோது கோட்டை இரண்டு மாதங்களுக்கு மேல் தாங்கியது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வரவே அவர் பின்வாங்கினார். அவ்வெற்றியை நான் வகுப்பில் நடத்திய சரித்திர நூல்கள் விரித்துரைக்கும். வீடிழந்த நெசவாளர் எங்குச் சென்றனர் என்பதற்கு அவற்றில் ஒரு வரியும் இராது.

வெளியேறியோர் வடக்கே அமைத்துக்கொண்ட புதிய ஊரே, பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றது. அவர்கள் மறுபடியும் கோட்டையை நெருங்கிவிடாதிருக்க, 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றைத் தாண்டித் தென்புறம் எவரும் வீடு கட்டலாகாது. அவ்வாறனுள் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தில், இன்றும் நிற்கிறது.