ஒரு தையற்காரியின் சொல்லும் மூன்று தலைமுறைக் கணக்கும்

ஜேடர்பாளையத்தில் காவிரியை மறித்து நிற்கும் அணைக்கட்டு அல்லாள இளைய நாயகர் பெயரோடு வழங்குவது. அங்கிருந்து புறப்படும் ராஜவாய்க்கால் கிளை கிளையாகப் பிரிந்து, பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீர் கொண்டு செல்கிறது. தலைமடையில் கலங்கிய நீர் திறந்த மடை வழியே பாயும். மூடிய மடைக்கு அப்பால் ஒரு துளியும் போகாது. சில குடும்பங்களில் குருதிவழி இறங்கும் புற்றுநோயை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்த வாய்க்கால்களே என் நினைவுக்கு வருகின்றன.

புற்று பழைய நோய். குர்துபா நகரத்து அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, முற்றிய மார்பகப் புற்றைத் தாம் ஒருபோதும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவர் எவரையும் கண்டதுமில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார். இப்னு சீனாவோ, கட்டி சிறிதாயிருக்கும் தொடக்க நிலையிலேயே அதைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து அகற்ற வேண்டும் என்றார். முந்திக் கண்டவனுக்கே வழியுண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். ஆனால், யாரிடத்தில் முந்தித் தேடுவது என்பது அன்று எவருக்கும் தெரியவில்லை.

1866இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்று தொடர்ந்து வந்ததைப் பதிவு செய்தார். அதைவிட என் நெஞ்சைத் தொடுவது 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த உரையாடல். பேராசிரியர் ஆல்டிரெட் வார்த்தின் என்பாரிடம் அவருடைய தையற்காரி, தம் குடும்பத்தார் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்ததாகவும், தமக்கும் அதுவே முடிவு என்றும் கூறினார். வேறொருவராயின் பெண்பிள்ளையின் வீண்பயம் என்று தள்ளியிருப்பார். வார்த்தின் அக்குடும்பத்தின் வம்சாவளியை எழுதத் தொடங்கி, 1913இல் வெளியிட்டார். தையற்காரி சொன்னது போலவே கருப்பைப் புற்றால் மாண்டார். அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவ உலகம் இதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1960களில் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை மீண்டும் தேடிப்பிடித்தார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நம் நாட்டில் இந்நோயை எதிர்த்து எழுந்த பெருமுயற்சியும் ஒரு குடும்பத் துயரத்திலிருந்தே பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை அம்மையார் மறக்கவில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். மரபுவழிப் புற்றுநோய் பற்றிய ஆய்வும் ஆலோசனையும் பின்னாளில் அந்நிலையத்திலேயே வேர் கொண்டன.

1990இல் மேரி கிளேர் கிங் என்ற பெண் அறிஞர், மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் உள்ளதென்று காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனும் அம்மரபணு 1994இலும், பி.ஆர்.சி.ஏ. 2 அதற்கடுத்த ஆண்டிலும் பிரித்தறியப்பட்டன. ஓர் அமெரிக்க நிறுவனம் அவற்றுக்குக் காப்புரிமை பெற்று, சோதனையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. இறைவன் படைப்பில் உள்ளதற்கு மனிதன் பட்டா எழுதிக்கொண்ட விந்தை அது! 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை மறுத்தது. ஐரோப்பிய யூதர்களிடையே பரவலாயுள்ள ஒரு பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டது.

மார்பகப் புற்றுகளில் மரபுவழி வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ஆனால், பிறழ்வுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. சூலகப் புற்று, முதல் மரபணுவில் பிறழ்வு இருந்தால் 44, இரண்டாவதில் 17 விழுக்காடு. இத்தகையோர் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுப்பதும், 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேர்த்துக்கொள்வதும் மருத்துவர் கூறும் முறை. சூலகப் புற்றை முன்கூட்டிக் காட்டும் நம்பகமான சோதனை இல்லை. ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின், பெரும்பாலும் 35 முதல் 45 வயதுக்குள், சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடுமாறு அறிவுறுத்துகின்றனர். லிஞ்ச் நோய்க் குடும்பத்தாருக்கு 20, 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடல் உள்நோக்குச் சோதனை உண்டு. பின்லாந்தில் 15 ஆண்டுகள் இவ்வாறு கண்காணிக்கப்பட்டவர்களிடையே குடற்புற்று 62 விழுக்காடு குறைந்தது.

நம் வீடுகளில் இதைப் பேசத் தயங்குகிறோம். பெண் பேசும் வேளையில், "அவள் மாமிக்கும் பெரியம்மாவுக்கும் அந்த நோயாம்" என்ற ஒரு சொல் போதும், சம்பந்தம் முறிந்துவிடும். அதனால் மறைக்கிறோம். மறைத்த நோய் பிள்ளைக்கும் தெரியாமல் போகிறது. அத்தா வழியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிறழ்வு ஆண்வழியாகவும் இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைச் சுமக்கும் ஆணுக்கும் விரைவீக்கமல்ல, விந்துச் சுரப்பிக்கு அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்று வரலாம். பெண்ணை மட்டும் குறைசொல்ல இதில் இடமே இல்லை. சொந்தத்துள் நிக்காஹ் செய்வதால் இந்தப் பிறழ்வு உண்டாவதில்லை. ஆயினும் இருபுறமும் அதே மரபணுவில் பிறழ்வு இருப்பின், பிள்ளைக்கு பான்கோனி சோகை என்னும் கொடிய நோய் வரக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்று முடிக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நலம்.

சோதனையை முதலில் நோயுற்றவரிடமே செய்வது சிறப்பு. அவர் குருதியில் பிறழ்வு இன்னதென்று தெரிந்தால் மற்றவர்க்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அவர் மறைந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். ஆலோசனைக்குச் செல்வோரிடம் மூன்று தலைமுறை கேட்பார்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் திண்ணையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் நன்னிமார்தாம்.