பழுதும் பொய்த் தோற்றமும்

தோலைத் தரம் பிரிப்போரைக் கண்டதுண்டா? வாலாஜாபேட்டையில் வாழும் நமக்கு இராணிப்பேட்டையும் ஆம்பூரும் அயலூர்கள் அல்ல. தோலை விரிப்பர், தடவுவர். உண்ணி கடித்த வடு ஒன்று தென்பட்டால் போதும், தரம் தாழ்ந்துவிடும். பழுதென்றால் இழப்பு என்பதே இவ்வட்டாரத்துக் கணக்கு. அந்தக் கணக்கோடுதான் படிகங்களின் வரலாற்றையும் நாம் படிக்கப் புகுந்தோம். கலைப்பட்டம் பெற்றவர்க்குக் காந்தத்தோடு என்ன வேலை என்பீர்! வரலாறு மன்னர்க்கு மட்டுமா உரியது?

காந்தப் பொருளின் அணுக்களைச் சிறு ஊசிகளாக எண்ணுக. குளிரக் குளிர அவை அணிவகுத்து உறையும். இது பழைய பாடம். ஆனால், முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் மூன்று ஊசிகள். அண்டை ஊசிக்கு எதிராகவே திரும்புவேன் என்பது ஒவ்வொன்றின் பிடிவாதம். இரண்டு எதிரெதிராக நின்றபின் மூன்றாவது எதற்கு எதிராகும்? இந்தப் பூசலைக் கண்டே 1973இல் பிலிப் ஆண்டர்சன் கூறினார்: எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல், இணை மாறி மாறி இயங்கும் நிலை ஒன்று இருக்கக்கூடும் என்று. குவாண்டம் சுழல் நீர்மம் என்பது அதுவே. நீரன்று, உறையாமையால் வந்த பெயர்.

1987இல் அக்கருத்தை மீக்கடத்திகளுக்கு விரித்தவர்களுள் ஆண்டர்சனுடன் உழைத்த கணபதி பாஸ்கரனும் ஒருவர். 2006இல் அலெக்சி கிட்டாயெவ், தேன்கூட்டு அமைப்பில் துல்லியமாகத் தீர்க்கத்தக்க மாதிரி ஒன்றைத் தந்தார். மறு ஆண்டே சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினர் பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும் அதில் ஊசியொன்று எவ்வாறு கூறுகளாகப் பிரிகிறது என்று கணித்துக் காட்டினர். தரமணியில் நடந்த வேலை, தோழர்களே!

தாளில் நீர்மம் தெளிவு. கல்லில்? அங்கேதான் பழுது குறுக்கிட்டது. 2005இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்ற ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்னும் செப்புக் கனிமத்தில், துத்தநாகம் இருக்கவேண்டிய இடங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைச் செம்பு கவர்ந்துகொண்டது. கடுங்குளிரில் இந்த வழிதவறிய செம்பின் குரலே ஓங்கி ஒலித்து, மெய்யான குரலை மறைத்தது.

இதனினும் பெரிய ஏமாற்றம் 2015இல் வந்த இட்டெர்பியப் படிகம். அதில் மெக்னீசியமும் காலியமும் ஒரே வகை இடங்களைத் தாறுமாறாகப் பங்கிட்டிருந்தன. நியூட்ரான் சோதனையில் நீர்மத்தின் சாயலே தெரிந்தது, பலர் மகிழ்ந்தனர். 2017இலோ, கலிபோர்னியக் கோட்பாட்டாளர் சிலர், வெறும் ஒழுங்கின்மையே அச்சாயலைப் போலியாக உண்டாக்கவல்லது என்று கணக்கிட்டனர். மெக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம் கொண்ட உடன்பிறப்புப் படிகத்தை 2018இல் ஆராய்ந்தபோது, ஊசிகள் திசைக்கொன்றாய் உறைந்து கிடக்கக் கண்டனர். உறையாதது என்று கொண்டாடியது தாறுமாறாய் உறைந்த கண்ணாடி! விரும்பிய முடிவாயிற்றே என்று ஐயப்படாது விட்டிருந்தால் பொய்யே பாடமாகியிருக்கும்.

அப்படியாயின் பழுது பகைதானா? இங்கேதான் நம் தோல் வட்டாரக் கணக்குத் தோற்றது. கிட்டாயெவ் அமைப்பில் அயல் காந்த அணு ஒன்றை வலுவாகப் பிணைத்தால், அதனருகே சுழிப்பு ஒன்று சிக்கிக்கொள்ளும் என 2010இல் தோச்சக், சங்கர், திரிபாதி ஆகியோர் காட்டினர். அதே ஆண்டில் வில்லன்சும் துணைவரும் ஓர் அணுவையே நீக்கிப் பார்த்தனர். வெற்றிடமும் சுழிப்பைப் பற்றிக்கொண்டது, தன்னைச் சுற்றிச் சிறு காந்தமும் பெற்றது. சாதாரணக் காந்தத்தில் காணாத அடையாளம் இது. இல்லாத அணு சாட்சி சொல்லுமாம்! மெய்ப்படிகத்தில் அச்சாட்சியைப் பிடிக்கத்தான் இன்னும் முயல்கிறார்கள்.