தொழிலே உறவாகும்போது: ‘ஸ்டான் அண்ட் ஓலி’ திரைப்படத்தில் வரலாறும் புனைவும்

வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: காட்டப்பட்டது நடந்ததா? ஜெஃப் போப் எழுதி ஜான் எஸ். பேர்ட் இயக்கிய ‘ஸ்டான் அண்ட் ஓலி’ (2018) இந்தக் கேள்விக்கு முன் தேறாது. நகைச்சுவை இணையான ஸ்டான் லாரலும் ஆலிவர் (ஓலி) ஹார்டியும் 1947, 1952, 1953–54 என மூன்று முறை பிரிட்டனில் மேடைச் சுற்றுப்பயணம் செய்தார்கள். படம் அவற்றை 1953இல் தொடங்கும் ஒரே பயணமாகச் சுருக்குகிறது. இந்தப் பயணத்தில் இடம்பெறும், ராபின் ஹுட் கதையைக் கேலிப்படமாக எடுக்கும் பேச்சு உண்மையில் 1947ஆம் ஆண்டுக்கு உரியது. அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் தேவாலய மணிகள் அவர்களின் அடையாள இசையை ஒலித்து வரவேற்றது 1953 செப்டம்பரில், கடைசிப் பயணத்தின் தொடக்கத்தில். படத்தில் அது இறுதிப் பகுதிக்குச் சென்றுவிடுகிறது. ஹார்டியின் உடல்நலம் குலைந்து பயணம் நின்றது 1954 மே மாதம் பிளிமத்தில்; படத்தில் அவர் வொர்திங்கில், ஓர் அழகிப் போட்டியின்போது மயங்கி விழுகிறார். ஆனால் இம்மாற்றங்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இருவரின் தொழிலுக்குள்ளிருந்து பிறந்த புனைவு வரலாற்றை விளக்குகிறது. திரைக்கதை வழக்கத்திலிருந்து இரவல் வாங்கிய புனைவு அதை மறைக்கிறது.

முதல் வகைக்குச் சான்று, மேடைக்கு வெளியே நிகழும் நகைச்சுவைத் துணுக்குகள். ரயில் நிலையப் படிக்கட்டில் இருவரும் பெரிய பெட்டி ஒன்றை மூச்சிரைக்க மேலே இழுத்துச் செல்கிறார்கள். கைவிட்ட கணத்தில் அது சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கே போய்ச் சேர்கிறது. சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ‘தி மியூசிக் பாக்ஸ்’ (1932) படத்தில் பியானோவைப் படியேற்ற அவர்கள் படும் பாட்டை அறிந்தவருக்கு இது உடனே விளங்கும். இதை ரசிகருக்கான செல்லச் சீண்டல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் காட்சியின் எடை வயதில் இருக்கிறது. இளமையில் கணக்கிட்டு விழுந்தவர்கள் இங்கே மெய்யாகவே இளைக்கிறார்கள். மேடையிலும் இதே நிலைதான். ‘கவுண்டி ஹாஸ்பிடல்’ (1932) படத்தில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் ஓலிக்கு ஸ்டான் அவித்த முட்டையும் கொட்டைகளும் கொண்டுவரும் பகுதியை இருவரும் மேடையில் நடிக்கிறார்கள். அந்தப் படுக்கையில் கிடந்து நோயாளியாக நடிப்பவர் உண்மையிலேயே நோயாளியாகிக்கொண்டிருக்கிறார். 1953–54 பயணத்தில் அவர்கள் நடித்த ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ என்ற குறுநாடகத்திலும் ஹார்டி மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிதான் என்பதால், படம் துணுக்கை மாற்றினாலும் பொருளை மாற்றவில்லை. பின்னர் ஓலி படுத்த படுக்கையாகும்போது ஸ்டான் அவர் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிறார். ‘பெர்த் மார்க்ஸ்’ (1929) முதலான படங்களில் ஒரே படுக்கையில் இருவர் முட்டிமோதியது சிரிப்புக்கான ஏற்பாடு. இங்கே அதே ஏற்பாடு பராமரிப்பாகிறது. பாசத்தைச் சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு மொழி இல்லை, தொழிலின் மொழிதான் இருக்கிறது என்பதைப் படம் வசனமில்லாமல் நிறுவுகிறது.

ராபின் ஹுட் இழை இந்த வாதத்தின் உச்சம். அந்தப் படம் எடுக்கப்படப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஸ்டான் அதற்கான காட்சிகளை எழுதிக்கொண்டே இருக்கிறார். உண்மையை ஒப்புக்கொள்ளும்போது, ஓலியும் அதை முன்பே ஊகித்திருந்தார் என்பது தெரியவருகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது பிழை. ஆயினும் லாரலின் பிற்காலம் இந்தப் புனைவுக்கு அரண் செய்கிறது. 1957 ஆகஸ்டில் ஹார்டி இறந்த பின் லாரல் நடிக்க மறுத்தார். ஆனால் 1965இல் தாம் இறக்கும்வரை இருவருக்குமான துணுக்குகளை எழுதிவந்தார். நடிக்க முடியாத நாடகத்தை எழுதுவது அவர் வாழ்வில் உள்ள செய்தி. படம் அதைச் சில ஆண்டுகள் முன்னதாகக் கொண்டுவந்து, ஹார்டி உயிரோடு இருக்கும்போதே காட்டுகிறது. காலம் இடம்பெயர்ந்தாலும் குணம் இடம்பெயரவில்லை.

இரண்டாம் வகைக்கு ‘ஜெனோபியா’ (1939) விவகாரம் சான்று. யானை ஒன்று முக்கியப் பாத்திரமான அந்தப் படத்தில் லாரல் இல்லாமல் ஹாரி லாங்டனோடு ஹார்டி நடித்தது, பல ஆண்டுகள் ஆறாத துரோகமாகத் திரைக்கதையில் உருவெடுத்து, லண்டன் விருந்தொன்றில் சண்டையாக வெடிக்கிறது. வரலாறு வேறு கதை சொல்கிறது. தயாரிப்பாளர் ஹால் ரோச் இருவரோடும் தனித்தனி ஒப்பந்தம் வைத்திருந்தார். அவை வெவ்வேறு நாட்களில் முடிந்ததால், சேர்ந்து பேரம் பேசும் வலிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. லாரலின் ஒப்பந்தம் தகராறில் இருந்தபோது ஹார்டி ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு நடித்தார். லாங்டனும் அந்நியர் அல்லர். ‘பிளாக்-ஹெட்ஸ்’ (1938) படத்தின் கதைக் குழுவில் இருந்தவர். அதே 1939இல் இருவரும் ‘தி ஃப்ளையிங் டியூசஸ்’ படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். 1949இல் ஜான் வெய்னோடு ‘தி ஃபைட்டிங் கென்டக்கியன்’ படத்தில் ஹார்டி தனியாக நடித்த பிறகும் இணை குலையவில்லை. ஸ்டுடியோவுக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒரு முரணை, படம் இரு நண்பர்களின் மனத்தாங்கலாக மாற்றிவிடுகிறது. 1937இல் நிகழும் தொடக்கக் காட்சி ரோச்சோடு லாரல் சம்பளத்துக்காக மோதுவதைக் கூர்மையாகக் காட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே விதைத்த பொருளாதாரக் கேள்வியை அறுவடை செய்யாமல், படம் பிணக்கும் சமாதானமும் என்ற பழகிய தடத்துக்குத் திரும்புகிறது.

மோதல் இல்லாமல் நாடகம் இல்லை என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அம்மறுப்புக்குப் படமே பதில். தளரும் உடல், நியூகாசிலில் காலி இருக்கைகள், வராத படம், ஓலிக்குப் பதிலாக வேறொரு நடிகரை நிறுத்த முயலும் ஏற்பாட்டாளர், அவரோடு மேடையேற மறுக்கும் ஸ்டான்: இத்தனை மோதலும் தொழிலுக்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டானாக வரும் ஸ்டீவ் கூகனும் ஓலியாக வரும் ஜான் சி. ரைலியும் செய்வது நடிப்பல்ல, போலச்செய்தல்தான் என்பது இன்னொரு மறுப்பு. மூலத்தைத் திரையிலேயே பார்க்க முடியும்போது நகல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மூலப் படங்கள் இளமையின் துல்லியத்தையே பதிவு செய்தன. இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படமான ‘அட்டோல் கே’ (1951) முதுமையையும் நோயையும் பதிவு செய்தும் அவற்றைப் பொருளாக்கத் துணியவில்லை. ‘வே அவுட் வெஸ்ட்’ (1937) நடனத்தை அதே அசைவுகளோடு, வலியை மறைத்து, ஒரு முதிய உடல் மறுபடி ஆடுவதை எந்த ஆவணமும் தரவில்லை. அந்த இடைவெளியில்தான் போலச்செய்தல் ஆய்வாகிறது.

எனவே, நிகழ்த்துகலைஞர்களின் வாழ்வைச் சொல்லும் படங்களுக்கு, தேதிகளைச் சரிபார்ப்பதோடு இன்னொரு உரைகல்லும் வேண்டும்: புனைந்த பகுதி அவர்களின் வேலையிலிருந்து வந்ததா, வகைமைச் சட்டகத்திலிருந்து வந்ததா? ‘ஸ்டான் அண்ட் ஓலி’ பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறுகிறது. தேறாத பகுதியில் தப்பித்துக்கொள்பவர் ஹால் ரோச். ஒப்பந்தம் செய்த வேலையின் பழி நண்பர்மேல் விழும்போது, அவர்களின் உழைப்பை விலைபேசிய ஸ்டுடியோ முறை கேள்விக்கு உள்ளாகாமல் போகிறது.