இணைய மொழிபெயர்ப்பில் சிறுபான்மை மொழிகள்: 2006 முதல் 2024 வரை

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 2009இல் ஏறத்தாழ 3.2 லட்சம். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அவர்களது மொழி கூகுள் டிரான்ஸ்லேட்டில் சேர்ந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்மொழியாகப் பதிவுசெய்த போஜ்புரிக்கோ 2022 மே மாதத்தில்தான் அங்கே இடம் கிடைத்தது. பேசுவோர் தொகையை வைத்து இந்த இடைவெளியை விளக்க இயலாது. அரசு எந்த மொழியில் கோப்பு எழுதுகிறது என்று பார்த்தால் பெருமளவு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2006 ஏப்ரலில் தொடங்கியபோது இச்சேவை புள்ளியியல் முறையில் இயங்கியது. ஒரே செய்தியை இரு மொழிகளில் சொல்லும் ஆவணங்களை வாக்கியத்துக்கு வாக்கியம் இணைத்துக் கொடுத்தால், எந்தத் தொடருக்கு எது நிகர் என்று கணினி கணித்துக்கொள்ளும். அத்தகைய ஆவணங்கள் மலைபோல் குவிந்திருந்த இடங்கள் ஐ.நா. சபையும் ஐரோப்பிய நாடாளுமன்றமும். ஐஸ்லாந்து மொழியோடு சேர்ந்தே நுழைந்த வெல்ஷுக்கு 1999 முதல் கார்டிஃபில் இருமொழி அவை இருந்தது. அவற்றுடனே வந்த ஐரிஷ் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகியிருந்தது. இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

கனடாவின் நுனாவுட் இன்னும் துலக்கமான சான்று. 1999 ஏப்ரல் 1இல் உருவான அந்த ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் தன் விவாதங்களை ஆங்கிலத்திலும் இனுக்டிடூட் மொழியிலும் வெளியிட்டு வந்தது. கனடாவில் இனுயிட் மொழிகளைப் பேசுவோர் சுமார் 40,000 பேர்தான். ஆயினும் அந்த அவைக் குறிப்புகளைச் சீர்செய்து 2020இல் வெளியிட்ட தொகுப்பில் ஏறத்தாழ 13 லட்சம் வாக்கிய இணைகள் இருந்தன. மறு ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் சேவையில் இனுக்டிடூட்டைச் சேர்த்தது.

தரவு கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ‘போகமுடியாதவர்களுக்கு’ என்று நாம் ஒரே சொல்லில் அடுக்குவதைக் காட்டிலும் நீளமாக அடுக்கும் மொழி அது. ஒருமுறை வந்த சொல்வடிவம் தொகுப்பு முழுவதும் தேடினாலும் மறுபடி வராமல் போகலாம். அதனால் சொற்களைச் சிறு துண்டுகளாக வெட்டியே இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு குறை இதைவிடப் பெரிது. சட்டமன்றத்தில் பேசுவது பட்ஜெட், வீட்டுவசதி, தீர்மானம். தாய் பிள்ளையிடம் பேசும் பேச்சு அங்கே ஏது? அவைக் குறிப்பில் பயின்ற இயந்திரம் அமைச்சரைப் போலத்தான் பேசும்.

அரசு ஆவணம் அருகிய மொழிகளுக்கு வேறொரு வழி இருந்தது. ஸ்பெயினின் அலிகான்டே பல்கலைக்கழகத்தில் பிறந்த அபெர்டியம் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு அகராதியையும் இலக்கண விதிகளையும் மனிதர்களே எழுதித் தருவார்கள். பிரான்சின் அரசியல் சட்டப்படி பிரெஞ்சு ஒன்றே குடியரசின் மொழி. அங்குள்ள பிரெட்டன் மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் வசதி 2009இல் இவ்வழியில்தான் வந்தது. கூகுள் பிரெட்டனைச் சேர்த்தது 2024இல்.

2022இல் முறையே மாறியது. அவ்வாண்டு மே மாதம் கூகுள் சேர்த்த 24 மொழிகளுக்கு இணை ஆவணம் தேவைப்படவில்லை. அந்தந்த மொழியில் மட்டும் எழுதப்பட்ட உரையை வைத்தே இயந்திரம் பயின்றது. போஜ்புரி, மைதிலி, மிசோ, கெச்சுவா எல்லாம் இப்படி நுழைந்தவை. முடிவுகள் குறையற்றவை அல்ல என்று அந்நிறுவனமே அப்போது சொல்லிவிட்டது. ஜூலையில் மெட்டா 200 மொழிகளுக்கான மாதிரியைத் திறந்த மென்பொருளாக வெளியிட்டது. 2024 ஜூனில் கூகுள் ஒரே வீச்சில் 110 மொழிகளை அறிவித்தது; துளுவும் சந்தாலியும் அதில் உண்டு.

எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இணையத்திலிருந்து தானியங்கியாகத் திரட்டிய பன்மொழித் தொகுப்புகளைப் பரிசோதித்து 2022இல் வெளியான ஆய்வு, குறைந்தது 15 தொகுப்புகளில் பயன்படத்தக்க உரையே இல்லை என்று கண்டது. மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 இவ்விஷயத்தில் பாராட்டுக்குரியது: மனிதர்கள் மொழிபெயர்த்த சோதனை வாக்கியங்களை மொழிதோறும் உருவாக்கி அதன் தரத்தை அளந்தார்கள். ஆனால் அது எடுத்துக்கொண்டவை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகள். போஜ்புரியும் துளுவும் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே அந்த 22இலும் இல்லை.