குழாய்த் தண்ணீரின் மகிமை

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு லேசில் வேகாது. சுண்ணாம்புச் சத்து அதிகம். என் மனைவி அந்தத் தண்ணீரைத் திட்டாத நாள் கிடையாது. அதே சுண்ணாம்புத் தண்ணீர்தான் இருதயத்தின் ரகசியம் ஒன்றை வெளியிட்டது என்றால் அவள் நம்புவாளா?

நடந்தது லண்டனில். ஸிட்னி ரிங்கர் என்ற டாக்டர், ஆஸ்பத்திரி வேலை ஒழிந்த நேரங்களில், தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து உப்பு நீரில் துடிக்க வைத்துப் பார்ப்பார். சோடிய உப்போடு துளி பொட்டாசிய உப்பு சேர்ந்தால் போதும், இருதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882-ல் கட்டுரையும் எழுதிவிட்டார்.

பிறகுதான் குட்டு உடைந்தது. உப்பைக் கரைத்தது வாலையில் வடித்த நீரிலே அல்ல, குழாய்த் தண்ணீரில்! "மெனக்கெட்டு வடிப்பானேன், டாக்டருக்கா தெரியப் போகிறது?" என்று ஆராய்ச்சிசாலைப் பையன் நினைத்தானாம். பிற்காலத்தில் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி சொன்ன கதை இது. அந்தத் தண்ணீரை வழங்கியது 'நியூ ரிவர்' கம்பெனி. 1613-ல் வெட்டி முடித்த கால்வாய் அது, புதியதுமல்ல, நதியுமல்ல! சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வருவது.

வடித்த நீரில் கரைத்துப் பார்த்தார். இருதயம் சோர்ந்து நின்றது. கொஞ்சம் கால்சியம் சேர்த்தார், மறுபடி துடித்தது. 1883-ல், தம் பிசகையும் தண்ணீர்க் கம்பெனியின் பெயரையும் ஒளிக்காமல் அச்சிட்டார். கண்டுபிடிப்பைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் நாவலில் யாராவது பிழை கண்டால், பழியை நான் அச்சுக் கோத்தவர் தலையில்தான் போடுவேன்.

இன்னொன்றும் அவர் கவனித்தார். கால்சியம் மிஞ்சினால் சுருங்கிய இருதயம் விரிவதற்குத் தாமதிக்கிறது. பொட்டாசியம் அதைச் சரிக்கட்டுகிறது.

1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு இருதயத்திலே ரண சிகிச்சை செய்து வெற்றி கண்டார். 1955-ல் லண்டன் டாக்டர் மெல்ரோஸ், பொட்டாசியம் கொடுத்து இருதயத்தை நிறுத்தி வைக்கும் வழி சொன்னார். சிகிச்சை முடிந்து இயந்திரத்தை விலக்கும்போது, கால்சியம் ஏற்றுவது வழக்கமாயிற்று. தானமாக வந்த ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஸிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது அல்லவா? ஏற்றியதும் ரத்த அழுத்தம் உயரும். டாக்டர்கள் மூச்சு விடுவார்கள்.

ஆனால் ரத்தமின்றிக் கிடந்து அப்போதுதான் விழித்த இருதயத்துக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்தால், அதன் அணுக்களே மாண்டுபோகும். ஆகவே கொடுப்பதா வேண்டாமா என்பதில் டாக்டர்களிடையே இன்னமும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை.

என் மைத்துனருக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது, கற்றதைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் டாக்டரிடம், "கால்சியம் ஏற்றினீர்களா?" என்று கேட்டேன்.

"ஊசி தயாராகத்தான் இருந்தது. ரத்தத்தைச் சோதித்தோம், அளவு போதுமானதாக இருந்தது. ஏற்றவில்லை" என்றார் அவர்.